கிடோராவின் கல் கூரையில் இருப்பது யாருடைய வானம்?

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் புல் மூடிய மேடு தெரிகிறதல்லவா, அதுதான் கிடோரா கல்லறை. ஜப்பானின் நாரா மாகாணத்தில், அசுகா கிராமத்தில் நிற்கிறேன். ட்சுபோசாகயாமா ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. கட்டியது ஏழாம் நூற்றாண்டின் இறுதி அல்லது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். உள்ளறையில் ஒருவரைக் கிடத்தலாம். நிமிர்ந்து நிற்க முடியாது.

1983இல் சிறு துளை வழியே கருவியை நுழைத்துப் பார்த்தபோது, வடக்குச் சுவரில் பாம்பு சுற்றிய ஆமை தெரிந்தது. 1998இல் மீண்டும் பார்த்தார்கள். கூரையில் வானமே விரிந்திருந்தது!

சுண்ணாம்புப் பூச்சின் மேல் தங்க ரேக்கை வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர், ஒரு குன்றிமணி அளவுதான். அப்படிச் சுமார் 350 விண்மீன்கள். அவற்றைச் சிவப்புக் கோடுகள் கூட்டம் கூட்டமாக இணைக்கின்றன.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது நடுவில் உள்ள சிவப்பு வட்டம். அடிவானத்துக்குக் கீழே ஒருபோதும் மறையாத விண்மீன்களின் எல்லை அது. வடக்கே போகப் போக அந்த எல்லை விரியும், தெற்கே வரச் சுருங்கும். ஆகவே வட்டத்தை அளந்தால், வானத்தைப் பார்த்தவர் எந்த அட்சரேகையில் நின்றார் என்று கணக்கிடலாம். விண்மீன்களின் இடங்களோ நூற்றாண்டுகள் போகப் போக மெல்ல நகர்பவை. அவை காலத்தைச் சொல்லும்.

முன்பு சிலர் கொரியாவின் பழைய கோகுரியோ நாட்டைச் சுட்டினார்கள். 2015இல் வெளியான ஆய்வுகள் சுமார் 34 பாகை என்றன. சீனத் தலைநகரங்களான சாங்கானும் லுவோயாங்கும் அங்கேதான் இருந்தன. அசுகாவும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான்! ஆனால் காலம் ஒத்துவரவில்லை. ஓர் ஆய்வாளர் கி.பி. நான்காம் நூற்றாண்டு என்கிறார், இன்னொருவர் கி.மு. முதல் நூற்றாண்டு என்கிறார். எப்படிப் பார்த்தாலும் கல்லறையைவிட முந்தைய வானம். கடல் கடந்து வந்த ஏதோ ஒரு பழைய படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அதற்கு இன்னொரு சாட்சியும் கூரையிலேயே இருக்கிறது. சூரியன் செல்லும் பாதையைக் காட்டும் வட்டம், கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் மாறிக் கிடக்கிறது. வானியல் அறிந்தவர் இப்படி விட்டிருக்கமாட்டார். வரைந்தவர் தேர்ந்த ஓவியர். அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இருட்டில், தாழ்ந்த கூரைக்குக் கீழே, 350 ரேக்குகளை ஒட்டிய அந்த விரல்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

வடக்கே ஒரு கிலோமீட்டர் சொச்சம் போனால் தகாமட்சுசுகா என்ற இன்னொரு கல்லறை. 1972இல் அதன் ஓவியங்கள் வெளிப்பட்டன. அங்கே நிலவு தங்கும் 28 கூட்டங்களைத் திசைக்கு ஏழாகச் சதுரமாக அடுக்கியிருக்கிறார்கள்; வரைபடம் என்பதைவிடச் சின்னம் எனலாம். மேற்குக்குரிய ஏழில் ஒன்று நம் கார்த்திகை. ஜப்பானியர்களுக்கு அது சுபாரு.

கிடோராவின் பூச்சு உதிரத் தொடங்கியதால் ஓவியங்களைப் பெயர்த்தெடுத்து, பக்கத்திலேயே காட்சியகம் கட்டிக் காக்கிறார்கள். அசலை ஆண்டில் குறிப்பிட்ட நாட்களில்தான் காட்டுகிறார்கள், அதிலும் எல்லா முறையும் கூரை வெளியே வராது. வருகிறவர்கள் தேதி பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.