கவுன்ட்டருக்கு வெளியே போன வேலை

தோழர்களே, வங்கியில் கணினி வந்த கதையை எடுத்தாலே, “நீங்கள் எதிர்த்தவர்கள்தானே?” என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். எதிர்த்தது உண்மைதான். 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி ஊழியர்கள், கட்டடத்துக்குள் கணினி நுழைந்துவிடாமல் இரவு பகலாகக் காவலே இருந்தார்கள். ஆனால் 1983-ல் வங்கி ஊழியர் சங்கங்கள், வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதை யாரும் சொல்வதில்லை. இயந்திரம் வரட்டும், எத்தனை வரலாம், எங்கே வரலாம், இயக்குபவருக்கு என்ன அலவன்ஸ் என்றெல்லாம் பேசி முடித்தார்கள். 1987-லும் 1993-லும் வரம்பைத் தளர்த்தினார்கள்.

அந்தக் கால வேலை சுகமானது என்று நான் சொல்ல வரவில்லை. லெட்ஜர் பேலன்ஸிங், அதாவது பேரேட்டுக் கணக்குகளைக் கையால் கூட்டி மொத்தத்தோடு ஒத்துப் பார்க்கும் வேலை, பார்த்தவர்களுக்குத் தெரியும். மொத்தம் ஒத்துப்போகாது. வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்பார்கள், வகுபட்டால் 45-ஐ 54 என்று யாரோ மாற்றி எழுதியிருக்கலாம், அந்த யாரோவைத் தேடியே ராத்திரி ஆகிவிடும்.

நிர்வாகம் சண்டை போடவில்லை. அலவன்ஸைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது, அவ்வளவுதான். 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது, சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள், அந்த இடங்களுக்குப் பல வருஷம் ஆள் எடுக்கவில்லை. யாரையும் ஆட்குறைப்பு செய்யவில்லை பாருங்கள், ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மீறப்படவில்லை!

அப்புறம் 2006-ல் வங்கிகள் முகவர்களை வைத்துக்கொள்ளலாம் என்றது ரிசர்வ் வங்கி. இன்று கிராமத்துப் பெட்டிக்கடையில் கைக்கருவியோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் அந்த முகவர், ‘பிசினஸ் கரஸ்பாண்டென்ட்’, சுருக்கமாக பி.சி. ஒரு பாட்டி நூறு நாள் வேலைக் காசை எடுக்க விரலை வைக்கிறார், களையெடுத்துத் தேய்ந்த ரேகை பதியவில்லை, ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்தால் சர்வர் இல்லை. பணம் கைக்கு வந்தால்தான் பி.சி-க்குக் கமிஷன். அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி கிடையாது.

அவர் செய்வது நம் எழுத்தர் செய்த வேலைதான். ஆனால் அவருக்கும் வங்கிக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு தனியார் கம்பெனி நிற்கிறது. 2024 மார்ச்சில் சங்கங்களும் நிர்வாகமும் பேசிப் போட்ட பன்னிரண்டாவது இருதரப்பு ஒப்பந்தத்தில் நமக்குச் சம்பளம் கூடியது, அவருக்கு அந்த மேஜையில் நாற்காலியே கிடையாது. “அவர் நம் உறுப்பினர் இல்லையே” என்கிறார்கள் சில தோழர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள், சந்தாவைக் குறைத்து வையுங்கள். உங்கள் கிளைக்கு எத்தனை பி.சி, எந்தக் கம்பெனி, பரிவர்த்தனைக்கு என்ன கமிஷன் என்று கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வாருங்கள், அங்கிருந்து பேசுவோம்.