கல்லுக்கு நடுவே அடப்பங்கொடி

[காட்சி: மண்டபம் கடற்கரை, காலை ஏழு மணி. மணல்மேட்டில் படர்ந்த கொடி.]

இந்த ஊதாப் பூவை மிதிக்காமல் நம்ம கடற்கரையில் யார் நடந்திருப்பார்கள்? அடப்பங்கொடி. இலை நடுவில் பிளந்து அச்சு அசல் ஆட்டுக்குளம்பு மாதிரி இருக்கும், அதன் லத்தீன் பெயரிலும் ஆட்டுக்கால்தான் இருக்கிறது. சங்கப் பாட்டில் இது அடும்பு, அங்கே இலைக்கு உவமை மானடி.

[காட்சி: வீட்டு முற்றம், அடுக்கிய கற்கள்.]

போன வருடம் இந்தக் கற்களுக்கு இடையில் நர்சரியில் வாங்கிய பெட்டூனியாவை வைத்தேன். போர்வெல் தண்ணீர் உப்பு, அதோடு கச்சான் என்கிற மேற்குக் காற்றும் சேர, இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு. வலையோடு போன பக்கத்து வீட்டு அண்ணன் நின்று பார்த்துவிட்டு, "காலடியில கெடக்கிறத விட்டுட்டு காசு குடுத்தா வாங்குன தம்பி?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மணல் மூடினாலும் இந்தக் கொடி மேலே வந்துவிடும், ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும், வருடக்கணக்கில் இருக்கும்.

[காட்சி: கொடி வெட்டும் கை, நெருக்கத்தில்.]

நான்கைந்து கணு உள்ள நுனிக்கொடி போதும். வெட்டினால் பால் வடியும், பயப்பட வேண்டாம். மணல்மேட்டில் பிடுங்காதீர்கள், அந்த மேடு நிற்பதே இதனால்தான். தெரிந்தவர் தோட்டத்தில் கழித்துப் போடுவதைக் கேட்டு வாங்குங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி கல் இடுக்கில் படுக்க வைத்து மூடி, வேர் பிடிக்கும் வரை தண்ணீர் விடுங்கள். விதையென்றால் கொஞ்சம் வேலை: கடலில் மிதந்து ஊர் ஊராகப் போகிற விதை, தோல் அவ்வளவு கெட்டி. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, ராத்திரி ஊறப் போட்டு ஊன்ற வேண்டும்.

அப்புறம் கல். கடலில் கிடக்கிற பவளக்கல்லைத் தூக்கி வராதீர்கள். நம் தாத்தாக்கள் அதில்தான் வீடு கட்டினார்கள், ஆனால் 2001-லிருந்து பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கின்றன. கருங்கல் போதும்.

[காட்சி: விரிந்த பூ, அதே பூ சாயங்காலம் சுருண்டு.]

பூ காலையில் விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். சாயங்காலம் விருந்தாளி வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது!

ஒரே தொல்லை, இது அடங்காது. விட்டால் முப்பது அடிக்கு மேலும் ஓடும். எங்கள் வீட்டில் போன மாதம் கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது, இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அரிவாளோடு ஒரு சுற்று வருகிறேன்.