பிரிட்டன் என்பது யாருடைய பெயர்?

(சென்னையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து பிரிய வேண்டுமா என்பது பற்றி இவர் பேசுவார்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். 'இங்கிலாந்துப் பிரதமர்' என்கிறோம். 2022 செப்டம்பரில் 'இங்கிலாந்து ராணி காலமானார்' என்றோம். அந்த ராணி காலமானது ஸ்காட்லாந்தில், பால்மோரல் மாளிகையில். கிளாஸ்கோவில் தெருவில் போகும் ஒருவரை நிறுத்தி, 'நீங்கள் இங்கிலாந்துக்காரரா?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் மரியாதையாகத்தான் வரும். ஆனால் நீளமாக வரும்.

ஸ்காட்லாந்து இங்கிலாந்திலிருந்து பிரிய முடியாது. இங்கிலாந்துக்குள் இருந்தால் அல்லவா பிரிவதற்கு? இரண்டும் சேர்ந்து வேறொரு வீட்டில் குடியிருக்கின்றன. அந்த வீட்டின் பெயர்ப்பலகையில் 'பிரிட்டன்' என்று எழுதியிருக்கிறது. தென்பகுதியில் இருப்பவர் வீடு முழுவதும் தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறார். வடபகுதியில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்து ஒரு தேசமா என்பதில் அங்கே சண்டையே கிடையாது. பிரிவினை வேண்டாம் என்பவர்களும் அது தேசம்தான் என்கிறார்கள். மேடையில் அவர்களே ஸ்காட்லாந்தின் மரபு உடையான கில்ட் பாவாடையை உடுத்திக்கொண்டு நிற்பார்கள். தனிச் சட்டம், தனி நீதிமன்றம், தனித் திருச்சபை, தனிக் கல்விமுறை எல்லாம் இங்கிலாந்தோடு இணைந்த 1707 ஒப்பந்தத்துக்குப் பிறகும் அவர்களிடம் இருந்தன. கால்பந்தில் தனி அணி. உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டமே 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்ததுதான். ஒரு கோல்கூட விழவில்லை. பவுண்ட் நோட்டையும் மூன்று ஸ்காட்டிஷ் வங்கிகள் தனியாக அச்சிடுகின்றன. அதை லண்டன் கடையில் நீட்டினால், கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரே நாணயம், ஒரே மதிப்பு, பார்வைதான் வேறு.

ஆகவே விவாதம் ஸ்காட்லாந்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், உள்ளே இருக்கும் கேள்வி பிரிட்டனைப் பற்றியது. பிரிட்டன் ஒரு தேசமா, அல்லது தேசங்கள் சேர்ந்து நடத்திய ஒரு தொழிலா?

தொழில் என்று நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. தொடக்கத்தைப் பாருங்கள். 1603இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணி வாரிசில்லாமல் இறந்தபோது, ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். ஸ்காட்லாந்தை இங்கிலாந்து விழுங்கியதாக நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வடக்கிலிருந்து போனவர்தான் தெற்கே அரியணையில் உட்கார்ந்தார். ஆனால் மன்னர் ஒருவர், நாடாளுமன்றம் இரண்டு. அப்படியே நூறாண்டு ஓடியது.

பிறகு வந்தது டேரியன். ஸ்பெயினும் இங்கிலாந்தும் ஹாலந்தும் கடல்கடந்து சம்பாதிப்பதைப் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்கள், இன்றைய பனாமாவில் தங்களுக்கென்று ஒரு குடியேற்றம் அமைக்கப் புறப்பட்டார்கள். 1698இல் கப்பல்கள் கிளம்பின. பிரபு முதல் சிறு வணிகர் வரை கையிலிருந்ததை எல்லாம் அதில் போட்டார்கள். நாட்டின் பணத்தில் கால்பங்குக்குக் குறையாது என்று கணக்கிடுகிறவர்கள் உண்டு. காய்ச்சலும் பசியும் ஸ்பானியர்களும் சேர்ந்து இரண்டே ஆண்டில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் காலனிகள் அவர்களுக்கு உதவக் கூடாது என்று உத்தரவு போயிருந்தது. அந்தக் கசப்பு இன்றும் போகவில்லை.

கையில் காசில்லாத அந்த நிலையில்தான் 1707 இணைப்பு. ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவு ஒரு தொகையைச் சொல்கிறது: 3,98,085 பவுண்ட் 10 ஷில்லிங். இங்கிலாந்தின் தேசியக் கடனில் ஸ்காட்லாந்தும் இனிப் பங்குகொள்வதற்கு ஈடாகத் தரப்பட்டது என்பது கணக்கு. அதில் ஒரு பகுதி டேரியனில் பணம் போட்டவர்களுக்குப் போனது. அவர்களில் சிலர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து வாக்களித்தவர்கள். அந்தப் பத்து ஷில்லிங்கைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு நாட்டின் விலையைச் சில்லறை வரைக்கும் துல்லியமாகப் போட்டிருக்கிறார்கள்.

விலைபோனார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வாங்கிய சரக்கு லாபம் தந்தது. அதற்குச் சாட்சி தேடி நீங்கள் எடின்பரோ போக வேண்டாம். இந்த ஊரிலேயே, தீவுத்திடல் பக்கம், சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே தாமஸ் மன்றோ, அவர் கிளாஸ்கோவில் பிறந்தவர். பாரமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், வரி வசூலித்து, விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்து, சென்னை மாகாண ஆளுநராகவே இறந்தவர். நம் கல்வெட்டுகளையும் ஓலைகளையும் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த காலின் மெக்கன்சி, லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேக்காரர். எழும்பூரில் 1821இல் எழுந்த புனித ஆண்ட்ரூ ஆலயம் ஸ்காட்லாந்துத் திருச்சபையினருக்காகக் கட்டப்பட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வேர் அந்தத் திருச்சபை அனுப்பிய மறைப்பணியாளர்களின் பள்ளியில் இருக்கிறது. இவர்களை நாம் 'ஆங்கிலேயர்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். அவர்கள் இங்கே தங்களை பிரிட்டிஷ் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சொல்லில்தான் அவர்களுக்கும் சம பங்கு இருந்தது. லண்டனில் இளைய தம்பியாக இருந்தவருக்குச் சென்னையில் முதலாளி நாற்காலி கிடைத்தது. இன்று ஸ்காட்லாந்துக்காரர்களில் சிலர் தங்களையும் இங்கிலாந்தின் காலனியாகச் சொல்லிக்கொள்ளும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. மன்றோ சிலைக்கு அடியில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

பேரரசு என்ற கடை மூடியதும் பங்காளிகளுக்குள் பேச்சு மாறியது. 1913 வாக்கில் உலகில் கட்டப்பட்ட கப்பல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிளைட் நதிக்கரையில் உருவானது; அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 1970இல் வட கடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1934இல் தோன்றி வெகுகாலம் யாரும் பொருட்படுத்தாத ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, 'எண்ணெய் எங்களுடையது' என்று சொல்லி 1974 அக்டோபரில் நடந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் 11 இடங்களைப் பிடித்தது.

1979இல் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று ஒரு வாக்கெடுப்பு. வேண்டும் என்றவர்கள் 51.6 சதவீதம். ஆனால் மொத்த வாக்காளர் பட்டியலில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள், 32.9தான் தேறியது. வாக்களிக்காமல் வீட்டிலேயே இருந்தவர்கள்கூட 'வேண்டாம்' கணக்கில் சேர்ந்தார்கள் என்பதுதான் இதன் பொருள். அதே ஆண்டு கன்சர்வேடிவ் கட்சியின் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். தலைக்கு இவ்வளவு என்ற வரியை இங்கிலாந்தைவிட ஓராண்டு முன்னதாக, 1989இல் ஸ்காட்லாந்தில் கொண்டுவந்தார். தங்களுக்கு வேண்டாத கட்சியை அடுத்த வீட்டார் மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்துத் தங்கள் மேல் உட்கார வைக்கிறார்கள் என்ற எண்ணம் அப்போதுதான் வேர்விட்டது. 1997 தேர்தலில் ஸ்காட்லாந்தில் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டே நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் 74.3 சதவீதம் பேர் தனி நாடாளுமன்றம் கேட்டார்கள்.

1999 மே மாதம் அது கூடியபோது, மூத்த உறுப்பினர் வின்னி யூவிங் எழுந்து, 1707 மார்ச் 25 அன்று ஒத்திவைக்கப்பட்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மீண்டும் கூடுகிறது என்று அறிவித்தார். இடையில் 292 ஆண்டுகள். தேநீர் இடைவேளை முடிந்து வந்தவர் போல அதைச் சொன்னார்.

இனி 2014: ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பு. இங்கே நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

தமிழ் வாசகர்கள் முதலில் கேட்பது, 'அவர்கள் மொழி என்ன ஆயிற்று?' என்று. நமக்குத் தேசியம் என்றால் மொழி. அங்கே அப்படியில்லை. 2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 57,000 பேர். மக்கள்தொகையோ 53 லட்சம். ஸ்காட்ஸ் என்ற பேச்சு உயிரோடு இருக்கிறது, ஆனால் அதற்காக யாரும் கொடி பிடிக்கவில்லை. வாதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தன: ஓய்வூதியம், பவுண்ட், எண்ணெய், மருத்துவமனை.

இனமும் அளவுகோல் இல்லை. ஸ்காட்லாந்தில் வசிப்பவர் யார் என்பதே கேள்வி. பதினாறு வயதானவர்களுக்கும் வாக்கு. காமன்வெல்த் குடிமக்களுக்கும் வாக்கு. ஆகவே அன்று முறையான அனுமதியோடு கிளாஸ்கோவில் வசித்துவந்த ஓர் இந்தியத் தமிழருக்கு, ஓர் இலங்கைத் தமிழருக்கு, அந்த நாட்டின் தலைவிதியில் வாக்கு இருந்தது. எடின்பரோவில் பிறந்து, கையில் 'ஸ்காட்லாந்து என்றென்றும்' என்று பச்சை குத்தியிருந்த நடிகர் ஷான் கானரிக்கு இல்லை. அவர் பஹாமாஸில் இருந்தார். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேக்கும் இல்லை. அவர் வீடு இங்கிலாந்தில். இந்த ஒரு விதிக்காக அந்த இயக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. தங்கள் உணர்ச்சிக்குச் சாதகமான வாக்குகளைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள்.

செப்டம்பர் 18. 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். வேண்டாம் 55.3, வேண்டும் 44.7. கிளாஸ்கோவும் டண்டியும் உள்பட நான்கே பகுதிகள் விடுதலைக்கு வாக்களித்தன.

வேண்டாம் என்ற தரப்பு எப்படி வென்றது என்று பாருங்கள். பிப்ரவரியில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்குப் போய், பிரிந்தால் பவுண்ட் கிடையாது என்றார். வங்கிகள் எச்சரித்தன. எல்லாம் கணக்கு வழக்கு. 'நாம் ஒரே மக்கள்' என்று சொல்ல அவர்களிடம் ஆளில்லை. வாக்கெடுப்புக்கு முதல் நாள் அதைச் சொல்லக் கிடைத்தவர் முன்னாள் பிரதமர் கோர்டன் பிரவுன். அவரும் ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் அடையாளம் என்றால் என்ன என்று பல ஆண்டுகளாக மேடை மேடையாக விளக்கிவந்தவர். சுதந்திரம், நியாயம், சகிப்பு என்று அவர் அடுக்கிய குணங்கள் நல்ல குணங்கள்தான். டென்மார்க்காரரும் அதையே சொல்லிக்கொள்வார். பிரிட்டனைப் பற்றி விடாமல் கவலைப்படுகிறவர் வடக்கிலிருந்தே வர வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தென்பகுதியில் இருப்பவருக்கு அந்தக் கவலை தேவைப்படவில்லை.

எதிர்த்தரப்பிலும் ஒரு வேடிக்கை. விடுதலை கேட்டவர்களின் வலுவான வாதம், தேசிய சுகாதாரச் சேவையை லண்டன் தனியாரிடம் விற்றுவிடும், அதைக் காப்பாற்றவே பிரிய வேண்டும் என்பது. 1948இல் போர் முடிந்த களைப்போடு பிரிட்டன் முழுவதும் ஒரே நாளில் தொடங்கிய சேவை அது. பிரிட்டன் தந்தவற்றில் மக்கள் மிகவும் நேசித்ததைக் காப்பாற்ற பிரிட்டனை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். இதை முரண்பாடு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. பேரரசுக்குப் பிறகு அந்த இரண்டு நாடுகளையும் கட்டிப்போட்ட கயிறு இதுபோன்ற பொதுச் சொத்துகள்தான். ரயிலையும் எஃகையும் தபாலையும் விற்ற பிறகு, 'பிரிட்டிஷ்' என்று தொட்டுப் பார்க்க மீதி என்ன இருக்கிறது?

2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் 32 பகுதிகளும் ஐரோப்பாவோடு இருக்கவே வாக்களித்தன; 62 சதவீதம். இருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். 2014இல் நான் அங்கே வாக்காளனாக இருந்திருந்தால் 'வேண்டாம்' என்றிருப்பேன். 2016க்குப் பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2022 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டப்படி எனக்கு அதில் குறை தெரியவில்லை. விரும்பிச் சேர்ந்த கூட்டு என்று இத்தனை நாள் சொல்லிவந்தவர்கள், வெளியே போகும் கதவு எங்கே என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள். 2024 தேர்தலில் தேசியக் கட்சி ஸ்காட்லாந்தின் 57 இடங்களில் 9தான் வென்றது. கட்சி சரிந்தது, கேள்வி அதனோடு போய்விடவில்லை.

தென்பகுதிக்காரரும் மெல்ல மாறிவிட்டார். 1966 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டப் படங்களைப் பாருங்கள்: இங்கிலாந்து ரசிகர்கள் கையில் பிரிட்டிஷ் கொடி. முப்பது ஆண்டு கழித்து, 1996 ஐரோப்பியக் கோப்பையில் அதே லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் செஞ்சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடி. யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை, தீர்மானம் போடவில்லை. வடக்கே 2011 கணக்கெடுப்பில் 'நான் ஸ்காட்டிஷும் பிரிட்டிஷும்' என்று எழுதியவர்கள் 18.3 சதவீதம், 2022இல் 8.2. நடுவில் நிற்பவர்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு கல்லைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிக்கொண்ட மணற்கல் அது, 152 கிலோ. 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அதைத் தூக்கிக்கொண்டு போய் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் தன் சிம்மாசனத்துக்கு அடியில் வைத்தார். 1950 கிறிஸ்துமஸ் அன்று நான்கு ஸ்காட்லாந்து மாணவர்கள் அதைக் கடத்திக்கொண்டு போனார்கள்; இழுக்கும்போது அது இரண்டாக உடைந்தது. அடுத்த ஏப்ரலில் ஆர்ப்ரோத் மடத்தின் இடிபாடுகளில் ஒட்டவைத்து விட்டுச்சென்றார்கள். அரசு அவர்கள் மேல் வழக்குப் போடவில்லை. 1996இல் பிரதமர் ஜான் மேஜர் கல்லை எடின்பரோவுக்கே திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டுதான் அவர் கட்சிக்கு அங்கே பூஜ்யம்.

இப்போது அது பெர்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூட லண்டன் போய் வந்தது. அடுத்த மன்னருக்கும் போய் வர வேண்டும் என்பது ஏற்பாடு. கூர்ந்து பார்த்தால் ஒட்டிய இடம் தெரியும்.