பதினோரு மாதத்துக்கு ஓர் ஊர்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் வாடகைக்கு இருந்துவிட்டு, 2023-ல் திருச்சிக்கும் வாடகைக்கே வந்தவர்கள் நாங்கள். "ஊர் மாறுவதென்றால் சொந்த வீட்டுக்கு மாற வேண்டும். வாடகைக்குக் குடியிருக்க எதற்குத் திருச்சி?" என்று என் மாமனார் கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

எல்லோரும் போடுகிற கணக்கைத்தான் முதலில் நாங்களும் போட்டோம். மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, 18,000 ரூபாய். உறையூரில் அதே அளவுக்கு மாடி போர்ஷன், 11,000. மாதம் ஏழாயிரம் மிச்சம் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டார் என் கணவர்.

அந்த ஏழாயிரத்தைக் கடைசிவரை முழுசாகப் பார்க்கவில்லை. எனக்கு வேலை திருவெறும்பூர் பக்கம். இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு, மூன்றாம் மாதமே தவணையில் ஸ்கூட்டர் வாங்கினேன். அப்புறம் வெயில். சாயங்காலம் நாலு மணிக்குக் கடல்காற்று வரும் என்று காத்திருக்க இங்கே கடல் கிடையாது. சித்திரை, வைகாசியில் ஏசி ஓடியே ஆக வேண்டும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளிலும் ஒரு பகுதிக்கு விலை ஏறிவிடும். அதனால் வீடு பார்க்கும்போதே உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பொது மீட்டர் என்றால் வீட்டுக்காரர் சொல்வதுதான் யூனிட் விலை. வருமான வரியிலும் ஒரு சின்ன இடி. பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப்படி விலக்குக்குச் சென்னையில் சம்பளத்தில் 50 சதவீதம் வரை உச்சவரம்பு, திருச்சியில் 40 சதவீதம்தான். கழித்துக் கூட்டிப் பார்த்தால் எங்களுக்கு மிஞ்சியது மூவாயிரத்தை ஒட்டித்தான்.

மூவாயிரத்துக்காகவா ஊர் மாறினீர்கள் என்றால், இல்லை. தண்ணீரைச் சொல்ல வேண்டும். 2019 கோடையில் சென்னையில் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்களில் நானும் ஒருத்தி. உறையூர் வீட்டைப் பார்க்கப் போனபோது, சமையலறையில் இரண்டு குழாய் இருந்தது. வீட்டுக்கார அம்மா ஒன்றைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்துக் குடித்துக் காட்டினார். "இது காவிரி. அது போர்." நான் போர் குழாயில் கையை நனைத்து, அங்கே கிடந்த துணி சோப்பைத் தேய்த்துப் பார்த்தேன். நுரையே வரவில்லை. "அது பாத்திரம் கழுவ மட்டும்மா," என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. ஊருக்கு வெளியே புது நகர்களில் வாடகை இன்னும் குறைவு. ஆனால் பல இடங்களில் அந்த இரண்டாவது குழாய் மட்டும்தான். வாடகை ஏன் குறைவு என்பதற்குக் குழாயே பதில் சொல்லிவிடும்.

வீடு தேடுவதும் இங்கே வேறு மாதிரி. செல்போன் செயலியில் பார்த்தால் பத்து வீடு, அதில் ஆறு ஏற்கெனவே போய்விட்டிருக்கும். எங்களுக்கு வீடு சொன்னவர் தெருமுனை இஸ்திரிக்காரர். யார் காலி செய்கிறார்கள் என்பது துணி வரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நாங்கள் தேடியது ஆடி மாதம். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பலகை தொங்கிக்கொண்டே இருக்கும். அதுதான் பேரம் பேசுகிற மாதம். 12,000 சொன்ன வீட்டை 11,000-க்குப் பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணியில் பால் காய்ச்சினோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு பிடித்துப் போனது, 'சைவம் மட்டும்' என்றார்கள், வந்துவிட்டோம். உறையூர் அம்மாவும் கேட்டார். "கறி சமைச்சுக்கோங்க. கருவாடு மட்டும் வேண்டாம்." சரி என்றேன். சென்னை வீட்டுக்காரரை ஐந்து வருடத்தில் இரண்டு முறை பார்த்திருப்பேன். இவர் கீழ்த்தளத்திலேயே இருக்கிறார். ராத்திரி பதினொன்றுக்கு விளக்கு எரிந்தால், காலையில் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். இது உங்களுக்குப் பிடிக்குமா, மூச்சு முட்டுமா என்பதை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சென்னைக்காரரிடம் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். காலி செய்தபோது பெயின்ட், பிளம்பிங் என்று கழித்து, நான்கு மாதம் இழுத்துத்தான் மீதியைக் கொடுத்தார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. அப்போது எனக்கு இது தெரியாது. இங்கே ஒப்பந்தம் எழுதும்போது தெரிந்திருந்தது, மூன்று மாத அட்வான்ஸோடு முடித்தோம்.

இனி மாமனாரின் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் வந்த அடுத்த வருடம், வீட்டிலிருந்தே வேலை பார்த்த என் கணவரை வாரம் மூன்று நாள் சென்னை அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஞாயிறு ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறுகிறார், புதன் ராத்திரி திரும்புகிறார். சென்னையில் ஒரு கம்பெனி சரிப்படவில்லை என்றால் கம்பெனியை மாற்றலாம், வீடு அப்படியே இருக்கும். இங்கே நவல்பட்டு ஐ.டி. பூங்கா உண்டு, பெல் ஆலையும் அதன் ஆர்டரை நம்பிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் உண்டு, கல்லூரி, ஆஸ்பத்திரி, வங்கி உண்டு. உங்கள் தொழில் இவற்றில் அடங்கவில்லை என்றால், வேலை மாறும்போது ஊரும் மாற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இருபது வருட வீட்டுக்கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு உட்கார முடியுமா? ஊர்கூட ஓரிடத்தில் நிற்பதில்லை. வெளியூர் பஸ் ஏற வசதி என்று மத்தியப் பேருந்து நிலையத்தின் பக்கம் குடிவந்த நண்பர் ஒருவர், 2025-ல் பஞ்சப்பூர் முனையம் திறந்த பிறகு ஆட்டோ பிடித்துப் போய் பஸ் ஏறுகிறார். வாடகை வீடு என்பதால் இப்போது எடமலைப்பட்டிபுதூரில் வீடு பார்க்கிறார். வாங்கியிருந்தால் ஆட்டோவுக்கே அழுதுகொண்டிருப்பார்.

எங்கள் மூன்றாவது பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. வீட்டுக்கார அம்மா ஆயிரம் ஏற்றிக் கேட்கிறார். நான் ஐந்நூறில் நிற்கிறேன். நேற்று மாடிக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினார், அதனால் எழுநூறு வரை போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.