தோற்றவர்களின் அரசன்

அவைக்கு வணக்கம்.

ஆர்தர் என்ற பெயரைக் கேட்டதும் கல்லில் செருகிய வாள், வட்ட மேசை, மந்திரவாதி மெர்லின் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். கொடி பறக்கும் கோட்டையும் பளபளக்கும் கவசமுமாக, எப்போதும் ஜெயிக்கிற ஒரு ராஜா. படக்கதைகளும் சினிமாவும் நமக்குக் காட்டிய ஆர்தர் அவன்தான். இன்று நான் பேச வந்தது அவனைப் பற்றி அல்ல. நிலத்தை இழந்த ஒரு மக்கள் கூட்டம் தனக்காக வைத்துக் காப்பாற்றிய ஆர்தரைப் பற்றி. அந்தத் தோல்வியை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் உயிரே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வியைப் பார்த்துவிடுவோம். அப்படி ஒருவன் இருந்தானா?

பிரிட்டனை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ரோமானியர்களின் ஆட்சி கி.பி. 410 வாக்கில் முடிந்துபோனது. கடல் கடந்து சாக்சன்களும் ஆங்கிள்களும் வந்து குடியேறினார்கள். ஏற்கெனவே அங்கே வாழ்ந்த பிரிட்டன்கள் மேற்கே வேல்சுக்கும் கார்ன்வாலுக்கும் ஒதுங்கினார்கள். சிலர் கடல் தாண்டி இன்றைய பிரான்சின் பிரிட்டனி பகுதிக்கே போய்விட்டார்கள். இந்தக் குழப்பமான காலத்துக்கு மிக அருகில் இருந்து எழுதியவர் கில்டாஸ் என்ற துறவி. படான் குன்றில் பிரிட்டன்கள் சாக்சன்களைத் தோற்கடித்ததை அவர் சொல்கிறார். தான் பிறந்த ஆண்டில் நடந்த போர் அது என்றும் குறிப்பிடுகிறார். எதிர்த்து நின்ற தலைவனாக அம்புரோசியஸ் அவுரேலியானஸ் என்பவனைப் புகழ்கிறார். ஆர்தர் என்ற பெயர் மட்டும் அவர் எழுத்தில் எங்குமே இல்லை.

அந்தப் பெயரை விரிவாகக் காண நாம் கி.பி. 830 வாக்கில் வேல்சில் லத்தீனில் எழுதப்பட்ட ஒரு வரலாற்று நூலுக்கு வர வேண்டும். நென்னியஸ் எழுதியது என்று மரபாகச் சொல்வார்கள். அதில் ஆர்தர் அரசன்கூட இல்லை, போர்த்தலைவன். பன்னிரண்டு போர்களில் வென்றவன். கடைசிப் போரான படானில் ஒரே பாய்ச்சலில் 960 பேரைத் தனி ஆளாக வீழ்த்தினான் என்கிறது நூல். இருநூறு, முந்நூறு ஆண்டுகள் வாய்மொழியில் ஊறிய பிறகு எண்கள் இப்படித்தான் பெருத்துப்போகும்.

அதே நூலின் கடைசியில் நாட்டின் அதிசயங்களைச் சொல்லும் ஒரு பகுதி இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்தப் பன்னிரண்டு போர்களைவிட இதுதான் முக்கியம். வேல்ஸ் எல்லையில் ஒரு நீரூற்றின் பக்கத்தில் ஒரு கல்லறை. ஆர்தருடைய மகன் ஆமிர் அங்கே கிடக்கிறான். அவனைக் கொன்றவன் ஆர்தரேதான். கொன்று, அவனே புதைத்தான். அந்தக் கல்லறையை அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நீளம் வரும். ஒரு தடவை ஆறு அடி, ஒரு தடவை ஒன்பது, ஒரு தடவை பதினைந்து. நானே அளந்து பார்த்தேன் என்கிறார் எழுதியவர். ஏன் கொன்றான், என்ன சண்டை, ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் குறிப்பு.

மெர்லின் இந்தக் கதைக்குள் வருவதற்கும், வட்ட மேசை போடப்படுவதற்கும் நூற்றாண்டுகளுக்கு முன்பே, தன் பிள்ளையைத் தன் கையால் கொன்ற தகப்பனாக ஆர்தர் அங்கே நிற்கிறான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நூற்றாண்டில் தொகுத்த வேல்ஸ் ஆண்டுக்குறிப்பு இன்னொரு வரியைச் சேர்க்கிறது. காம்லான் சண்டையில் ஆர்தரும் மெத்ராட்டும் விழுந்தார்கள். ஆண்டு 537. இருவரும் ஒரே பக்கமா, எதிரெதிரா என்பதைக்கூட அது சொல்லவில்லை. பிறகு வந்தவர்கள் அந்த மெத்ராட்டை மோர்ட்ரெட் ஆக்கினார்கள். முதலில் ஆர்தரின் சகோதரி மகன் என்றார்கள். அப்புறம், சகோதரி என்று அறியாமல் அவளோடு கூடிப் பெற்ற சொந்த மகன் என்றார்கள். பிள்ளையைக் கொன்ற அந்தப் பழைய நிழல் எப்படியோ திரும்பவும் வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, வரலாற்றில் அவன் இருந்தானா என்றால், இருந்தான் என்று காட்ட எந்தச் சான்றும் கையில் இல்லை. ஆனால் அவன் சாகவில்லை என்று நம்பிய மக்கள் நிச்சயமாக இருந்தார்கள். 1113இல் பிரான்சின் லாவோன் நகரத்துக் குருமார்கள் சிலர், தங்கள் தேவாலயத்தைத் திரும்பக் கட்டப் பணம் திரட்டுவதற்காகப் புனிதப் பொருள்களோடு கார்ன்வாலின் பாட்மின் ஊருக்கு வந்தார்கள். கை சூம்பிப்போன ஒருவன் குணமாக வேண்டும் என்று வந்தவன், பேச்சுவாக்கில் ஆர்தர் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்றான். வந்தவர்களின் ஆட்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான், கைகலப்பாகிவிட்டது. ஆயுதத்தோடு ஆட்கள் தேவாலயத்துக்குள் புகுந்தார்கள். நிலத்தையும் அதிகாரத்தையும் இழந்து ஆறு நூற்றாண்டுகள் ஆன மக்களுக்குத் திரும்பி வருவான் என்ற ஒரே பேச்சுதான் மிச்சம். அதையும் பார்த்துச் சிரித்தால் எப்படிப் பொறுப்பார்கள்?

இதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எல்லாம் மாறுகிறது. மான்மத் ஊர் ஜெஃப்ரி என்ற குரு, 1130களில் லத்தீனில் பிரிட்டன் அரசர்களின் வரலாறு ஒன்றை எழுதினார். பிரிட்டானிய மொழியில் இருந்த மிகப் பழைய நூலைத்தான் பெயர்த்தேன் என்றார். அந்தப் பழைய நூலை இதுவரை யாரும் கண்டதில்லை. அதே நூற்றாண்டின் இறுதியில் நியூபரோ ஊர் வில்லியம் என்ற வரலாற்றாசிரியர் ஜெஃப்ரியைப் பச்சைப் பொய்யர் என்று எழுதினார். ஆனால் யார் கேட்டார்கள்? ஜெஃப்ரியின் நூலுக்கு இன்றும் இருநூறுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. டின்டேஜல் கோட்டையில் மெர்லினின் மாயத்தால் ஆர்தர் கருவானது, ஐரோப்பாவை வென்று ரோமாபுரி வரை போகப் புறப்பட்டது, காயத்தோடு அவலான் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது எல்லாம் அவர் பேனாவில் உருவம் பெற்றவை. இன்று டின்டேஜலில் நீங்கள் பார்க்கும் இடிந்த கோட்டை அதற்கும் நூறு ஆண்டுகள் கழித்துக் கட்டியது. கார்ன்வாலின் பிரபு ரிச்சர்ட், ராணுவ ரீதியில் பெரிய பயனில்லாத அந்தக் கடற்பாறையில் கோட்டை கட்டியதற்குக் காரணமே ஜெஃப்ரியின் கதைதான் என்பது பலரின் கருத்து.

வட்ட மேசை 1155இல் வருகிறது. ஜெர்சி தீவில் பிறந்த வேஸ் என்ற கவிஞர் பிரெஞ்சில் பாடினார். யாரும் தலைமாட்டில் உட்கார்ந்தேன் என்று பெருமை பேசக்கூடாது, அதற்காகத்தான் வட்டம். அப்புறம் கிரெத்தியேன் தெ த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தரின் அரசவை கூடும் காமெலாட் என்ற ஊரைக் கொண்டுவந்தார், ஆர்தரின் வீரன் லான்ஸ்லாட்டுக்கும் அரசி கினிவியருக்கும் இடையே காதலைக் கொண்டுவந்தார். முடிக்காமல் விட்ட தன் கடைசிக் காவியத்தில் கிரேல் என்ற புனிதக் கலத்தையும் கொண்டுவந்தார்.

இவர்கள் யாருக்காகப் பாடினார்கள் என்று பாருங்கள். நார்மன், பிரெஞ்சு அரசவைகளுக்காக. பிரிட்டன்களை வென்றது சாக்சன்கள், அந்தச் சாக்சன்களை வென்றது நார்மன்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் அரசனை இப்போது ஆளவந்தவர்கள் தங்கள் மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அங்கே உட்காரவைத்த பிறகு, திரும்பி வருவான் என்ற நம்பிக்கை ஓர் இடைஞ்சல். செத்தவன் செத்தவனாகவே இருந்தால்தான் வசதி. 1184இல் கிளாஸ்டன்பரி மடம் தீயில் எரிந்தது. மடத்தைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டும். 1191 வாக்கில் துறவிகள் மடத்து இடுகாட்டைத் தோண்டி, ஓர் ஈயச் சிலுவையும் பெரிய எலும்புகளும் கிடைத்ததாக அறிவித்தார்கள். இங்கே அவலான் தீவில் ஆர்தர் அடக்கமாகியிருக்கிறான் என்று சிலுவையில் எழுதியிருந்ததாம். மடத்துக்கு யாத்திரிகர்கள் கிடைத்தார்கள். இங்கிலாந்து அரசனுக்கு ஒரு சடலம் கிடைத்தது. 1278இல் முதலாம் எட்வர்ட் தானே வந்து அந்தக் கல்லறையைத் திறந்து, எலும்புகளை மரியாதையோடு பலிபீடத்தின் முன் அடக்கம் செய்தான். நான்கே ஆண்டுகளில் வேல்சின் கடைசி இளவரசன் லிவெலின் அவன் படையால் கொல்லப்பட்டான். ஆர்தரின் மணிமுடி என்று வேல்ஸ் மக்கள் போற்றி வைத்திருந்த ஒன்றும் எட்வர்டிடம் போய்ச் சேர்ந்தது. வெற்றியைக் கொண்டாட வேல்சிலேயே, நெவின் என்ற ஊரில், வட்ட மேசை விழா எடுத்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். ஒரு மக்களின் நாட்டை எடுத்தான், அவர்களின் அரசனையும் எடுத்துக்கொண்டான்.

வின்செஸ்டர் மண்டபச் சுவரில் இன்றும் தொங்கும் வட்ட மேசையும் இந்த எட்வர்ட் காலத்து மரம்தான். ஐந்தரை மீட்டர் அகலம், ஒரு டன்னுக்கு மேல் எடை. எட்டாம் ஹென்றி அதில் வண்ணம் பூசி, நடுவில் தன் வம்சத்தின் ரோஜாவை வரைந்தான்.

இப்படி ஆளுக்கு ஆள் இழுத்துக்கொண்ட பிறகும் கதை எப்படிப் பிழைத்தது? என் பதில் ஒரு மனிதரின் பெயர்: சர் தாமஸ் மாலரி. 1469, 1470 வாக்கில் தன் பெரிய நூலை முடித்தார். கைதியாக இருக்கும் வீரன் நான், என் விடுதலைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று வாசகரிடம் அவரே கேட்கிறார். வெளியே இங்கிலாந்தின் பிரபுக்கள் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்தர் கதை அவர் கையில் வந்து சேர்ந்தபோது அது தன் வீட்டுக்குத் திரும்பியது என்பேன். ஏனென்றால் இவர் தோல்வியை உள்ளிருந்து பார்த்தவர்.

மாலரியின் கதையில் வெளியிலிருந்து வந்த எவனும் காமெலாட்டை வீழ்த்தவில்லை. லான்ஸ்லாட்டோடு கொண்ட காதலுக்காக அரசியைத் தீயில் இடும் இடத்திலிருந்து அவளை மீட்க அவனே பாய்கிறான். நெரிசலில் யாரென்று தெரியாமல் இருவரை வெட்டுகிறான். ஒருவன் காரெத், ஆயுதம் இல்லாமல், அரசன் கட்டளைக்காக மனமில்லாமல் வந்து நின்றவன். அவனுக்கு வீரப்பட்டம் சூட்டியதே லான்ஸ்லாட்தான். காரெத்தின் அண்ணன் காவெய்ன், லான்ஸ்லாட்டின் உயிர்த்தோழன், அன்றிலிருந்து ஜென்மப் பகையாளி. அரசனோ, அரசியை இழந்ததைவிட இந்த நல்ல தோழர் கூட்டம் உடைந்ததற்கே அதிகம் அழுகிறேன் என்கிறான்.

கடைசிப் போர் தொடங்கும் விதம் இருக்கிறதே, அதற்கு ஈடாக நான் எதையும் படித்ததில்லை. ஆர்தரும், அவன் அரியணையைப் பறித்துக்கொண்ட மகன் மோர்ட்ரெட்டும் சமாதானம் பேச நடுவெளியில் சந்திக்கிறார்கள். பேச்சு நல்லபடியாகவே முடிகிறது. ஆனால் இருவரும் தங்கள் படைக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்கள்: ஒரு வாள் உருவப்பட்டாலும் பாய்ந்துவிடுங்கள். அந்த நேரம் புதரிலிருந்து ஒரு விரியன் வந்து ஒரு வீரனின் காலைக் கடிக்கிறது. அவன் பாம்பை அடிக்கத்தான் வாளை உருவுகிறான். இரண்டு படைகளும் பார்ப்பது வாளின் மின்னலை மட்டும். எக்காளம் முழங்குகிறது. பொழுது சாயும்போது அரசன் பக்கம் இரண்டு பேர்தான் நிற்கிறார்கள். எதிரே பிணக்குவியலுக்கு நடுவில் மோர்ட்ரெட் தன் வாளில் சாய்ந்து நிற்கிறான். விட்டுவிடுங்கள், இன்றைக்கு நாம்தான் ஜெயித்தோம் என்று அந்த இருவரில் ஒருவனான லூக்கன் கெஞ்சுகிறான். ஆர்தர் கேட்கவில்லை. ஈட்டியைப் பாய்ச்சுகிறான். மகன் அந்த ஈட்டியிலேயே உடலை முன்னே தள்ளித் தள்ளி வந்து தகப்பன் தலையில் வாளை இறக்குகிறான்.

துரோகமும் பழைய பாவமும் ஒருபுறம் இருக்க, சமாதானமே வாய்த்துவிட்ட நிமிடத்தில், சந்தேகத்தால் எல்லாம் போகிறது. வேல்ஸ்காரரோ பிரெஞ்சுக்காரரோ, 1963இல் கணவர் அமெரிக்க அதிபர் கென்னடியைப் பறிகொடுத்த சில நாட்களில் அவர் ஆட்சியைக் காமெலாட் என்று சொன்ன ஜாக்குலின் கென்னடியோ, யாராக இருந்தாலும் இந்தக் கதைக்குள் வர ஒரே வாசல்தான்: நல்லதாக ஒன்று இருந்தது, அது நம் கண் முன்னாலேயே போய்விட்டது. தான் வரலாற்றில் இல்லாவிட்டாலும் ஆர்தர் எல்லோருக்கும் அரசனாக இருப்பது இதனால்தான்.

மாலரியைப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அமர்கிறேன். 1485 ஜூலையில் காக்ஸ்டன் அதை அச்சிட்டபோது 21 பகுதிகளாகப் பிரித்தார். முதல் பகுதியில் தொடங்கினால் நடுவில் டிரிஸ்டன் கதை வரும் 8 முதல் 12 வரையில் பலர் களைத்துப்போய் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 18ஆம் பகுதியில் ஆரம்பியுங்கள். கடைசி நான்கையும் படித்து முடித்துவிட்டு, பிறகு முதலுக்குப் போங்கள். நன்றி.