எனக்கு இசை தெரியாதே, மார்ச்சிங் பேண்டில் நான் போய் என்ன செய்வது?

வணக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் போன வாரம் பேசியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. டெக்சஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"அக்கா, மகன் ஒன்பதாம் வகுப்பு போகிறான். மார்ச்சிங் பேண்டில் டிராம்போன் வாசிக்கிறான். பெற்றோர் வாலண்டியராக வரவேண்டும் என்று மெயிலுக்கு மேல் மெயில் வருகிறது. எனக்கு இசை தெரியாது. ஆங்கிலமும் கோர்வையாக வராது. நான் போய் என்ன செய்யப்போகிறேன்? போனால் பேண்ட் கட்டணத்திலாவது குறைப்பார்களா?"

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு: மார்ச்சிங் பேண்ட் என்றால் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் பள்ளி இசைக்குழு. கட்டண விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குறைக்க மாட்டார்கள், குறைக்கவும் கூடாது. பேண்டுக்குத் துணையாக இருக்கும் பூஸ்டர் கிளப்பைப் பெற்றோரேதான் நடத்துகிறார்கள். பெரும்பாலும் அது வரிவிலக்கு பெற்ற அமைப்பாக இருக்கும். அங்கே திரட்டுகிற பணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. யார் எவ்வளவு உழைத்தார்களோ அவ்வளவை அவரவர் பிள்ளை கணக்கில் வரவு வைக்க வரித்துறை விடாது. வர்ஜீனியாவில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் அப்படிப் புள்ளிக்கணக்கு வைத்தது. அதன் வரிவிலக்கே போய்விட்டது. அது சரிதான் என்று 2013-ல் வரி நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் கணவரை அவர் கம்பெனியில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஊழியர்கள் வாலண்டியராக வேலை செய்த மணிக்கணக்குக்கு அந்த அமைப்புக்கே நன்கொடை தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தருகிறது. கட்டணம் கட்டவே சிரமம் என்றால் பேண்ட் டைரக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சரி, என்னை உறுத்தியது கட்டணம் இல்லை. "எனக்கு இசை தெரியாது, நான் போய் என்ன செய்யப்போகிறேன்" என்ற வரிதான்.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இப்போது நான் எங்கே போவேன் என்று தெரியும். ஆமாம், திருவாரூர்த் தேர்தான். தேரைப் பற்றிய பேச்சில் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் அவ்வளவு பெரிய தேர் எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை போடுவது என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று ஆகிவிட்டது. தேரடியில் அது தேரையும் ஊரையும் காக்கிற வேலை. உனக்குத் தேவாரம் பாடத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

பேண்டிலும் அப்படித்தான். மைதானத்தின் முன்னோரத்தில் மரிம்பா, வைப்ரஃபோன் என்று கோலால் தட்டி வாசிக்கும் பெரிய கருவிகள், பெரிய டிரம், ஸ்பீக்கர் எல்லாம் நிற்குமே, அவற்றைச் சக்கரச் சட்டங்களில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவதில் பெற்றோருக்குப் பெரிய பங்கு உண்டு. பிட் க்ரூ என்று பெயர். பின்னால் காட்சிக்காக நிற்கும் ஆளுயரப் பலகைகளையும் பல ஊர்களில் அப்பாக்கள்தான் மரம் வாங்கிவந்து, அறுத்து, பூட்டி, வண்ணமடித்துச் செய்கிறார்கள். பேண்டுகளுக்கு இடையே நடக்கும் போட்டியில் மைதானத்துக்கு உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நேரக்கெடு உண்டு. தாண்டினால் பிள்ளைகளின் மதிப்பெண் போகும். ஒருமுறை எங்கள் பலகை ஒன்றின் சக்கரம் புல்தரை விளிம்பில் மாட்டிக்கொண்டது. வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ்நாட்டு அப்பா அப்படியே தரையில் படுத்து, தோள் கொடுத்து அதைத் தூக்கிவிட்டார். அவருக்கு ச-ரி-க-ம கூடத் தெரியாது. முட்டுக்கட்டை போடுகிறவர் என்று நான் சொல்வது அவரைத்தான்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்குக் கொடுத்த முதல் வேலை ப்ளூம் செருகுவது. ஷாக்கோ என்கிற உயரமான தொப்பியின் உச்சியில் நிற்கும் இறகுக் கொண்டைதான் ப்ளூம். அதைப் பிள்ளைகள் தாங்களே செருகிக்கொள்வதில்லை. உள்ளே நுழையச் சில நிமிடம் இருக்கும்போது வரிசையாக நிற்பார்கள், நாங்கள் ஒவ்வொருவராகச் செருகிக்கொண்டே போவோம். இறகில் கை படக் கூடாது, அடித்தண்டைத்தான் பிடிக்க வேண்டும். முதல் நாள் நான் சன்ஸ்கிரீன் தடவிய கையோடு இறகைப் பிடித்துவிட்டேன், அது ஒட்டிக்கொண்டு விட்டது. பக்கத்தில் இருந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் தன் வெள்ளைக் கையுறையைக் கழற்றி என்னிடம் தந்தார். அந்த வேலைக்கு "டர்ன் அரவுண்ட்", "யூ லுக் கிரேட்", இந்த இரண்டுக்கு மேல் ஆங்கிலம் தேவைப்படவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சிலருக்கு உதடு நடுங்கும். சிலர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் எண்ணுவார்கள். ஒரு பையன் கறுப்பு சாக்ஸ் கொண்டுவர மறந்து, கிட்டத்தட்ட அழும் நிலையில் நின்றான். பிட் க்ரூவில் இருந்த ஒரு அப்பா தன் சாக்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அன்று முழுக்க வெறுங்காலில் ஷூ போட்டுக்கொண்டு மரிம்பா தள்ளினார்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. கட்டணம் எவ்வளவு, கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். மைதானத்தில் என் பிள்ளை என்னதான் செய்கிறான் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கேள்வி வரவேண்டும் என்று ஆசை. அதனால் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமான நடை, 5 கெஜத்துக்கு 8 காலடி. அதாவது ஒரு காலடி 22.5 அங்குலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி இடக்குறிப்பு இருக்கும். மைதானத்தில் போட்டிருக்கும் 40 கெஜக் கோட்டிலிருந்து இத்தனை காலடி உள்ளே, நீளவாக்கில் வரிசையாகப் போட்டிருக்கும் ஹாஷ் குறிகளிலிருந்து இத்தனை காலடி முன்னே என்று. ஒரே நிகழ்ச்சிக்குள் இப்படி எத்தனையோ இடங்கள். ஓர் இடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஊதிக்கொண்டே போக வேண்டும், சில சமயம் பின்னோக்கி நடக்க வேண்டும். சௌசஃபோன் என்கிற, உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுகருவியைத் தூக்குகிற பிள்ளையின் தோளில் 13, 14 கிலோ பித்தளை இருக்கும். பயிற்சி தொடங்குவது டெக்சஸ் வெயிலில், தார்த்தளம் கொதிக்கிற ஆகஸ்டில், 38 டிகிரியில். பள்ளி திறந்த பிறகு வாரத்துக்கு 8 மணி நேரத்துக்கு மேல் பள்ளி நேரத்துக்கு வெளியே பயிற்சி வைக்கக் கூடாது என்று அங்கே விதியே இருக்கிறது.

எனக்கு இதெல்லாம் தண்ணீர் கொடுக்கப் போய்த்தான் தெரிந்தது. முதல் ஆண்டு நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, இருநூறு பேரில் என் பெண் எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பேன். ஒரே உடை, தொப்பி கண்ணை மறைக்கும். கண்டுபிடிப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். மறு ஆண்டு தண்ணீர்க் குடத்தோடு ஓரத்தில் நின்று நின்று, எந்தத் தாளத்தில் அவள் எந்தக் கோட்டுக்கு வருவாள் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சான் அன்டோனியோவின் அலமோடோம் அரங்கில் மாநிலப் போட்டி நடந்தபோது அவளை நான் தேடவில்லை. 35 கெஜக் கோட்டில் கண்ணை வைத்துக் காத்திருந்தேன். கிளாரினெட் வரிசை பிரிந்தது, அவள் வந்து நின்றாள். தமிழில் சத்தமாக ஏதோ கத்திவிட்டேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கையுறை தந்தாரே, அவர்தான்.

அவள் கல்லூரிக்குப் போய் மூன்று ஆண்டு ஆகிறது. அக்டோபர் சனிக்கிழமைகளில் நான் இன்னமும் ப்ளூம் செருகப் போகிறேன்.

அதனால் தங்கச்சி, முதலில் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் வாலண்டியர் படிவத்தை நிரப்புங்கள். பேக்ரவுண்ட் செக் முடிய நாள் ஆகலாம், இன்றைக்கே செய்துவிடுங்கள். முதல் தடவை வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போய்த் தண்ணீர் கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஹாஃப்டைமில், அதாவது ஆட்டத்தின் இடைவேளையில், வாசித்து முடித்து, ஆட்டத்தின் மூன்றாவது குவாட்டரில் பிள்ளைகள் இளைப்பாற வருவார்கள், அப்போது ஆள் பற்றாது. உங்கள் மகன் உங்களைத் தெரியாதவன் போல நடந்துகொண்டால் வருத்தப்படாதீர்கள், அந்த வயது அப்படி. அப்புறம், கறுப்பு சாக்ஸ் நான்கு ஜோடி வாங்கிக் கைப்பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.