வேவுக்காரனைப் பிடிக்க யாரை வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் கணினி பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆடி மாதத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "தம்பி, சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் இது கண் விழிக்கவில்லை" என்றார். உள்ளே மூன்று பாதுகாப்பு மென்பொருள்கள் இருந்தன. ஒன்று கணினியோடு வந்தது, எப்போதோ காலாவதியாகிவிட்டது. இரண்டாவது பேரன் போட்டது. மூன்றாவதை ஐயாவே வாங்கியிருந்தார். "உங்கள் கணினியில் 38 உளவு நிரல்கள் உள்ளன", அதாவது நமக்குத் தெரியாமல் நம்மை வேவு பார்க்கும் மென்பொருள்கள், என்று திரையில் சிவப்பு எழுத்து மின்னியிருக்கிறது. பயந்துபோய், வங்கி அட்டை எண்ணைக் கொடுத்து 1,800 ரூபாய் கட்டிவிட்டார். அந்த மூன்றாவதுதான் உண்மையான உளவு நிரல்.

நான் விவரம் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "பழந்தமிழில் ஒற்று என்றால் உளவு. ஒற்றனைப் பிடிக்க ஒற்றனையே கூலிக்கு வைத்துவிட்டேன் போலிருக்கிறது" என்றார்.

அவர் ஏமாந்த வித்தை புதிதல்ல. வின்ஃபிக்ஸர் போன்ற பெயர்களில் பொய் எச்சரிக்கை காட்டிப் பணம் பறித்த கூட்டத்தின் மீது 2008இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2012இல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 16 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. ஆகவே முதல் விதி எளிது. நீங்கள் கேட்காமல் ஓர் இணையப் பக்கம் உங்கள் கணினியைச் சோதித்துவிட்டதாகச் சொன்னால், அது பொய். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் கணினியின் கோப்புகளை அப்படித் துழாவிப் பார்க்க முடியாது. அந்தச் சாளரத்தை மூடுங்கள். மூட மறுத்தால் கணினியையே நிறுத்துங்கள்.

சரி, இந்த உளவு நிரலுக்கு என்னதான் வேண்டும்? 2000ஐ ஒட்டிய காலத்தில் கேட்டர் என்று ஒன்று இருந்தது. இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பார்த்து, அதற்கேற்ற விளம்பரத்தைத் திரையில் எறியும். தொல்லைதான், ஆனால் வீடு காலியாகாது. இன்றைக்கு வருபவை வேறு ரகம். உலாவியில் நீங்கள் சேமித்து வைத்த கடவுச்சொற்கள், நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கிகள், இவற்றைச் சில நொடிகளில் அள்ளிக்கொண்டு போய்விடும். லும்மா என்ற திருட்டு நிரல் 2025 மார்ச் முதல் மே வரையான இரண்டே மாதங்களில் சுமார் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இத்தகைய நிரல்கள் வருகிற பெரிய வாசல், காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைப் பூட்டு உடைத்துத் தருகிற "கிராக்" கோப்புகள். அந்தக் கோப்போடு ஒரு குறிப்பும் இருக்கும்: "நிறுவும் முன் ஆன்ட்டிவைரஸை நிறுத்தி வைக்கவும்." திருடனே வந்து நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், நாமும் கட்டுகிறோம்.

எதை வாங்குவது என்று கேட்டு வருகிறவர்களிடம் பெரும்பாலும் நான் சொல்வது, எதையும் வாங்காதீர்கள் என்பதுதான். என் வியாபாரத்துக்கு ஆகாத பதில். ஆனால் விண்டோஸ் கணினியில் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. உளவு நிரல் எதிர்ப்பில் தேர்ந்த ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2004 டிசம்பரில் வாங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் டிஃபெண்டர். தொடக்கத்தில் உளவு நிரல்களை மட்டும் பார்த்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது முழுமையான ஆன்ட்டிவைரஸ் ஆனது. ஒரு காலத்தில் அதைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். இப்போது ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்திலுள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் சோதனைகளில் அது விலை கொடுத்து வாங்குபவற்றுக்குச் சமமாக நிற்கிறது. அந்த ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்ற மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வைத்து 18க்குப் போடுகிறது. கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் பட்டியலையும் பார்க்கலாம். நல்ல பிள்ளையைக் கெட்டவன் என்று எத்தனை முறை பிடித்தது என்பதையும் இவர்கள் எண்ணுகிறார்கள்.

டிஃபெண்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. இணையத் தொடர்பு இருக்கும்போதுதான் அதற்கு முழு பலம். இணையம் அரிதாகவே வருகிற வீடு, பென் டிரைவ் மட்டும் பத்துக் கை மாறி வருகிறது என்றால், இணையம் இல்லாமலும் நன்றாகப் பிடிக்கிற ஒன்றைப் பட்டியலில் தேடி வாங்குவதில் நியாயம் இருக்கிறது. எதை வாங்கினாலும் நிரந்தரக் காவலுக்கு ஒன்றே ஒன்று. இரண்டை உட்கார வைத்தால், ஒன்று திறக்கும் கோப்பை மற்றதும் திறந்து பார்க்கும், கணினி திணறும். ஐயா வீட்டில் நடந்தது அதுதான். சந்தேகம் வந்தால் மட்டும் கூப்பிட்டுச் சோதிக்கும் இரண்டாவது ஆள் வேறு. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு அந்த வேலைக்குப் போதும். டிஃபெண்டரிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே தேடுவதால், ஒளிந்திருக்கும் நிரலுக்கு ஒளிய நேரம் கிடைக்காது. ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும்.

இலவசமாகத் தருகிற நிறுவனம் எதைத் தின்று வாழ்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். உலகறிந்த அவாஸ்ட் நிறுவனம், உங்களை யாரும் பின்தொடராமல் காப்போம் என்று சொல்லிக்கொண்டே, பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றுக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. வேலியே பயிரை மேய்ந்தது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தீய நிரல்களை அடையாளம் காண டிஃபெண்டருக்குப் புதிய பட்டியல் தொடர்ந்து வருகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். வாசலில் காவலர் நிற்கிறார், ஆனால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்குச் சுவரில் விழும் ஓட்டையை யாரும் அடைக்கப் போவதில்லை.

ஐயாவின் கணினியில் படங்களையும் கட்டுரைகளையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். கடவுச்சொற்களை அவருடைய மகளின் கைபேசியிலிருந்து மாற்றச் சொன்னேன். ஒற்றன் உட்கார்ந்திருந்த கணினியிலேயே புதிய கடவுச்சொல்லைத் தட்டுவதில் பொருளில்லை. எல்லாத் தளங்களிலிருந்தும் ஒரே அடியாக வெளியேறும்படியும் சொன்னேன், பழைய குக்கி செல்லாமல் போக வேண்டும் அல்லவா? பணம் போனால், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு விரைவாகக் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. அவர் கூப்பிட்டபோது மூன்று மாதம் கடந்திருந்தது, 1,800 ரூபாய் திரும்பவில்லை. ஆண்டுதோறும் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் அவர் அன்றே சம்மதம் கொடுத்திருந்தார். அதனால் வங்கிக்குப் போய் அந்த அட்டையை முடக்கி வேறு அட்டை வாங்கினார்.

அடுத்த ஆடியில் மறுபடி கடைக்கு வந்தார். கையில் ஒரு மின்னஞ்சலின் அச்சுப்படி. சந்தாவைப் புதுப்பிக்க முடியவில்லை, தங்கள் கணினி ஆபத்தில் உள்ளது என்று தமிழிலேயே எழுதியிருந்தார்கள். ஐயா அதைச் சிவப்பு மையால் திருத்தியிருந்தார்.

"ஆறு வரியில் நான்கு ஒற்றுப்பிழை" என்றார்.

வணக்கம்.